ஜியோ ரெய்னாவும் நமது அவசரமும்

2022 ஏப்ரல் 8ஆம் நாள் இரவு, ஸ்டுட்கார்ட் நகரில் ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களுக்குள் பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். தசை மீண்டும் கிழிந்துவிட்டது என்பதை மருத்துவர் வந்து சொல்வதற்கு முன்பே அவர் அறிந்திருந்தார். முகத்தை மூடி அழுதவாறே களத்தைவிட்டு வெளியேறினார். அவருக்குப் பதிலாக இறங்கிய யூலியன் பிராண்ட் அன்றைய இரண்டு கோல்களையும் அடித்தார், டார்ட்மண்ட் வென்றது. ஆட்டங்களின் கணக்கேட்டில் அந்த இளைஞருக்குக் கிடைத்திருப்பது ஒரு மாற்று ஆட்டக்காரரின் பெயருக்கு எதிரே ஓர் அம்புக்குறி மட்டுமே.

அந்த இளைஞர் ஜியோவானி ரெய்னா. அமெரிக்க நடுக்கள ஆட்டக்காரர். அவரைப் பற்றி இன்று எழுதப்படுபவற்றில் பெரும்பாலானவை இரண்டு வகைக்குள் அடங்கிவிடுகின்றன. அவர் வீணாகிப்போன மேதை என்பது ஒன்று. அவர் செல்லம் கொடுத்துக் கெடுக்கப்பட்ட வாரிசு என்பது மற்றொன்று. இரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை. இரண்டும் வாசிக்கச் சோம்பிய வாசகனின் விமரிசனத்தைப் போன்றவை என்றே நமக்குத் தோன்றுகிறது.

முதலில் அவர் பிறந்த வீட்டைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். தந்தை கிளாடியோ ரெய்னா 2002, 2006 உலகக் கோப்பைகளில் அமெரிக்க அணியின் தலைவர். லெவர்குசன், வொல்ஃப்ஸ்பர்க், ரேஞ்சர்ஸ், சண்டர்லாந்து, மான்செஸ்டர் சிட்டி என்று ஐரோப்பாவில் நெடுங்காலம் ஆடியவர். தாய் டேனியலும் அமெரிக்கப் பெண்கள் அணிக்காக ஆடியவரே. தந்தை சண்டர்லாந்து அணியில் இருந்தபோது, 2002 நவம்பர் 13இல் இங்கிலாந்தில் பிறந்தார் ஜியோ. ரேஞ்சர்ஸ் அணியில் தந்தையோடு ஆடிய டச்சுக்காரர் ஜியோவானி வான் பிராங்க்ஹார்ஸ்டின் பெயர் அவருக்கு இடப்பட்டது. பிள்ளை நடை பயில்வதற்கு முன்பே ஓர் ஆட்டக்காரரின் பெயரைச் சுமந்தாகிவிட்டது. மூத்த மகன் ஜாக் புற்றுநோயால் 2012இல் பதின்மூன்று வயதில் இறந்தார். அப்போது ஜியோவுக்கு ஒன்பது வயது. இதை உருக்கத்துக்காக இங்கே எழுதவில்லை. ஒரு பிள்ளையை இழந்த வீடு மற்றப் பிள்ளைகளை எப்படிப் பார்க்கும், எவ்வளவு இறுகப் பற்றிக்கொள்ளும் என்பதை மறந்துவிட்டுப் பின்னால் நடந்தவற்றுக்குத் தீர்ப்பெழுதுவது எளிது என்பதற்காகவே சொல்கிறோம்.

2019இல், பதினாறு வயதில், நியூயார்க் சிட்டி அணியின் பயிற்சிப் பள்ளியிலிருந்து டார்ட்மண்டுக்குச் சென்றார். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களை நாடு விட்டு நாடு மாற்றுவதை ஃபிஃபாவின் விதி பொதுவாகத் தடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மட்டும் பதினாறு வயது நிறைந்தவர்களுக்கு விலக்கு உண்டு. தந்தை வழிப் பாட்டியின் போர்த்துகீசிய மரபு ஜியோவுக்கு அந்தக் கதவைத் திறந்துவிட்டது. கிறிஸ்டியன் புலிசிக்குக் குரோஷியப் பாட்டனாரால் கிடைத்த அதே சலுகை இது. அமெரிக்காவில் திறமையோடு பிறந்து, அயல்நாட்டுப் பாட்டனோ பாட்டியோ வாய்க்காத எத்தனையோ சிறுவர்கள் பதினெட்டு வயது வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாரிசு என்ற குற்றச்சாட்டில் உண்மையின் கூறு எங்கேனும் இருக்குமானால் அது இங்கேதான் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது வேறு செய்தி.

2020 சனவரி 18. ஆக்ஸ்பர்கில் டார்ட்மண்ட் 5-3 என்று வென்ற ஆட்டம். மாற்று ஆட்டக்காரராக இறங்கி மூன்று கோல் அடித்த எர்லிங் ஹாலண்டைப் பற்றியே அன்று உலகம் பேசியது. அதே ஆட்டத்தில்தான் ரெய்னாவும் முதன்முறையாக இறங்கினார். அதுவரை பண்டெஸ்லிகாவில் ஆடிய அமெரிக்கர்களிலேயே மிக இளையவர் என்ற பெயரைப் புலிசிக்கிடமிருந்து பெற்றுக்கொண்டார். பிப்ரவரியில் பிரேமன் அணிக்கெதிரான ஜெர்மன் கோப்பை ஆட்டத்தில் முதல் கோல். அதே மாதம் 18ஆம் நாள் பாரிஸ் அணிக்கெதிரான சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தில், நடுக்களத்தில் பந்தை வாங்கி நேராக முன்னேறி ஹாலண்டுக்குத் தள்ளிவிட்டார். ஹாலண்ட் அதைப் பெட்டிக்கு வெளியிலிருந்தே வலைக்குள் அறைந்தார். கண்டவர்கள் எல்லாரும் அந்த அறையை நினைவில் வைத்திருக்கிறார்கள். நாம் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதற்கு முந்தைய இரண்டு நொடிகளை.

இவருடைய ஆட்டத்தின் சாரம் அந்த இரண்டு நொடிகளில் இருக்கிறது. எதிரணியின் நடுவரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையே இருக்கும் குறுகலான நிலத்தில், முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்கும்போதே பந்தை வாங்கி, வாங்கும் அசைவிலேயே பாதி திரும்பிவிடுவது. வரிகளுக்கிடையே ஆடுவது என்று கால்பந்து எழுத்தாளர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள். வரிகளுக்கிடையே வாசிப்பதைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இந்தச் சொல்லாட்சியில் தனி மகிழ்ச்சி உண்டு. ஓட்டத்தில் மிக வேகமானவர் அல்லர் ரெய்னா. உடலை மோதிப் பந்தைப் பறிப்பவரும் அல்லர். பிறர் பார்ப்பதற்குச் சற்று முன்னால் பார்ப்பதே அவர் கைவசமுள்ள பொருள். 2020 அக்டோபரில் ஃப்ரைபர்க் அணியை டார்ட்மண்ட் 4-0 என்று வென்றபோது மூன்று கோல்களுக்குக் கடைசிப் பந்தை அளித்தவர் அவரே. அப்போது பதினெட்டு வயதுகூட நிறையவில்லை.

ஆனால் அவர் பிறந்த காலம் இந்தக் கலைக்கு உகந்த காலம் அன்று. பத்தாம் எண் ஆட்டக்காரர் என்று முன்பு போற்றப்பட்டவர், அதாவது ஓட்டத்தைப் பிறருக்கு விட்டுவிட்டுச் சிந்தனையை மட்டும் தமக்கு வைத்துக்கொண்டவர், இன்றைய ஐரோப்பிய ஆட்டத்தில் ஏறத்தாழ மறைந்துவிட்டார். பந்தை இழந்த நொடியிலேயே கூட்டமாகப் பாய்ந்து அதைத் திரும்பப் பறிக்கும் முறை இன்று எங்கும் பரவியிருக்கிறது. அதைப் புகழ்பெறச் செய்தவர்களுள் முதன்மையான யூர்கன் க்ளாப், 2008 முதல் 2015 வரை இதே டார்ட்மண்டில்தான் பயிற்றுநராக இருந்தார். இம்முறையில் ஓடாதவனுக்கு இடமில்லை. ரெய்னாவைப் பயிற்றுநர்கள் சில நாள் வலப்புறம், சில நாள் இடப்புறம், சில நாள் நடுவில் என்று மாற்றி மாற்றி நிறுத்தியதற்கு அவருடைய பல்திறமை பாதிக் காரணம்; அவருக்குரிய இடம் இன்றைய வரைபடத்திலேயே இல்லாமற்போனது மறுபாதி.

பிறகு உடல் முறிந்தது. 2020-21 பருவத்தின் 34 லீக் ஆட்டங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் அவர் ஆடினார். பெருந்தொற்றின் காரணமாக நாட்கள் நெருக்கப்பட்ட பருவம் அது. வளர்ந்து முடியாத உடல். 2021இல் சாஞ்சோ வெளியேறியதும் அவருடைய ஏழாம் எண் சட்டை ரெய்னாவுக்கு வழங்கப்பட்டது. அதற்குச் சில வாரங்களுக்குப் பின், செப்டம்பர் 2ஆம் நாள் எல் சால்வதோரில் நடந்த உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டத்தில் பின்தொடைத் தசை காயமுற்றது. ஐந்து மாதங்கள் கழித்து பிப்ரவரியில் திரும்பினார், மீண்டும் காயம். ஏப்ரலில் ஸ்டுட்கார்ட். மிகுந்த ஆட்டமே காயத்துக்குக் காரணம் என்று மருத்துவர் அல்லாத நாம் அறுதியிட இயலாது. ஆயினும் பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் மூன்று நாட்களுக்கு ஓர் ஆட்டம் கேட்கும் அமைப்பை நோக்கிக் கேள்வி கேட்க மருத்துவப் பட்டம் தேவையில்லை.

அந்த அமைப்பின் இயல்பையும் இங்கே சொல்ல வேண்டும். டார்ட்மண்ட் இளைஞர்களை வாங்கி வளர்த்து விற்பதைக் கொள்கையாகவே கொண்ட அணி. டெம்பெலே ஓராண்டில் பார்சலோனாவுக்குப் பல மடங்கு விலைக்குச் சென்றார். புலிசிக் 6.4 கோடி யூரோவுக்குச் செல்சிக்குப் போனார். சாஞ்சோ, ஹாலண்ட், பெல்லிங்கம் என்று வரிசை நீள்கிறது. ரெய்னாவோடு ஓய்வறையைப் பகிர்ந்துகொண்டவர்கள் ஒவ்வொருவராக விலைபோனார்கள். விலைபோகாமல் எஞ்சியவர் இவர். சந்தை அளந்த இந்த அளவையே திறமையின் அளவையாக நாமும் எடுத்துக்கொண்டுவிடுகிறோம். ‘நம்பிக்கை தரும் இளம் எழுத்தாளர்’ என்று முதல் தொகுப்புக்கு முன்னுரை எழுதிவிட்டு, இரண்டாம் தொகுப்பு வரத் தாமதமானதும் அந்தப் பெயரையே மறந்துவிடும் நம் சிற்றிதழ் வழக்கம் நினைவுக்கு வருகிறது.

இனிக் கத்தார். நாம் தயக்கத்தோடுதான் இதற்கு வருகிறோம். ஏனெனில் இதில் எவரும் நன்றாக நடந்துகொள்ளவில்லை. 2022 உலகக் கோப்பைக்கு முன் பயிற்றுநர் கிரெக் பெர்ஹால்டர், ரெய்னாவின் பங்கு சிறிதாகவே இருக்கும் என்று அவரிடம் கூறினார். மனமுடைந்த ரெய்னா பயிற்சியில் முனைப்புக் காட்டவில்லை. பின்னர் அணியினரிடம் மன்னிப்புக் கேட்டார். இதை அவரே எழுதி ஒப்புக்கொண்டிருக்கிறார். இங்கிலாந்துக்கெதிராகக் கடைசிச் சில நிமிடங்கள், நெதர்லாந்துக்கெதிராக இரண்டாம் பாதி, அவ்வளவே அவருக்குக் கிடைத்த உலகக் கோப்பை. ஊர் திரும்பிய சில நாட்களில் பெர்ஹால்டர் நியூயார்க்கில் ஒரு தலைமைப்பண்பு மாநாட்டில் பேசும்போது, வீட்டுக்கு அனுப்பப்படும் நிலை வரை சென்ற ஓர் ஆட்டக்காரரைப் பற்றிப் பெயர் கூறாமல் எடுத்துரைத்தார். பெயர் எவருக்குத்தான் தெரியாது? ஒருவனை மன்னித்துச் சேர்த்துக்கொண்டபின் அவன் பிழையைப் பிறருக்குப் பாடமாக நடத்துவது ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம் அடிக்கடி செய்யும் குற்றம். ஆதலால் அதைக் கண்டதும் நமக்கு நன்கு தெரிந்துவிட்டது.

அதன்பின் தாய் செய்தது அதனினும் பெரிய பிழை. பெர்ஹால்டர் பதினெட்டு வயதில், பின்னாளில் தம் மனைவியாகிய தோழியை ஒரு வாக்குவாதத்தின்போது உதைத்த பழைய நிகழ்ச்சியைக் கூட்டமைப்பின் அதிகாரியிடம் டேனியல் எடுத்துரைத்தார். கிளாடியோவும் பெர்ஹால்டரும் நியூஜெர்சியில் பள்ளித் தோழர்கள். மனைவியர் இருவரும் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் ஒரே அணியில் ஆடி, ஒரே அறையில் தங்கியவர்கள். முப்பதாண்டு நட்பு ஒரு மகனுடைய சில நிமிட ஆட்டத்துக்காக முறிந்தது. 2023 சனவரியில் பெர்ஹால்டர் தாமே அந்நிகழ்ச்சியை வெளிப்படுத்தினார். விசாரணை நடந்தது. கிளாடியோ ஆஸ்டின் அணியில் வகித்த பதவியைத் துறந்தார். மார்ச்சில் வெளியான அறிக்கை, மகனுக்காகப் பெற்றோர் பல ஆண்டுகளாகவே கூட்டமைப்பினரிடம் முறையிட்டு வந்ததையும் பதிவு செய்தது. பெர்ஹால்டர் கோடையில் மீண்டும் அமர்த்தப்பட்டார்.

கற்றோர் கூட்டத்தில் முன்வரிசைக்கு உரியவனாக மகனை ஆக்குவதே தந்தை அவனுக்குச் செய்யும் நன்மை என்பது வள்ளுவர் கருத்து. கூட்டத்துக்குள் புகுந்து, முன்வரிசையில் ஏன் இடம் தரவில்லை என்று தலைவரோடு வழக்காடும்படி அவர் எந்தப் பெற்றோருக்கும் சொல்லவில்லை. எனினும் டேனியலின் விளக்கத்தில் ஓர் இடம் நம்மை நிறுத்துகிறது. பெர்ஹால்டருடைய இளமைப் பிழை மன்னிக்கப்பட்டபோது தம் மகனுடைய பிழை மட்டும் ஏன் மேடையேற்றப்பட வேண்டும் என்பது அதன் பொருள். பயிற்சியில் சுணங்கியதும் ஒரு பெண்ணை உதைத்ததும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவை அல்ல. கேள்வி கேட்கப்பட்ட முறையும் தவறு. என்றாலும், இளையவன் ஒருவன் தவறு செய்தபின் எத்தனை காலம் அதற்குரியவனாகவே அறியப்பட வேண்டும் என்ற கேள்விக்கு அன்று அந்த விவகாரத்தில் ஒருவரும் விடை சொல்லவில்லை.

இருபது வயது மகன் மட்டும் ஆடச் சென்றார். 2023 சனவரி 22இல் ஆக்ஸ்பர்குக்கெதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கி 4-3 என்ற வெற்றிக் கோலை அடித்தார். அடித்ததும் காதுகளைப் பொத்திக்கொண்டார். மூன்று நாட்கள் கழித்து மைன்ஸ் நகரில் கூடுதல் நேரத்தில் மீண்டும் ஒரு வெற்றிக் கோல். அந்தச் சைகையைச் செருக்கு என்று எழுதினார்கள். தாய், தந்தை, பயிற்றுநர், கூட்டமைப்பு, வழக்குரைஞர் என்று ஒவ்வொருவரும் தம்மைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் மாதத்தில் ஒருவர் காதைப் பொத்திக்கொள்வதில் நமக்குச் செருக்கு தெரியவில்லை.

அதன் பிறகான ஆண்டுகளை விரைவாகவே சொல்லிவிடலாம். 2023 சூனில் கனடாவுக்கெதிரான நேஷன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் இரண்டு கோல்களுக்கும் பந்தளித்துவிட்டு, காயத்தோடு பாதியில் வெளியேறினார். 2024இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணிக்கு இரவலாகச் சென்று பெரும்பாலும் அமர்ந்திருந்தார்; அதே மார்ச்சில் மெக்சிகோவுக்கெதிரான நேஷன்ஸ் லீக் இறுதியில் கோலடித்து அத்தொடரின் சிறந்த ஆட்டக்காரரானார். அணியில் இடமில்லாதவர் நாட்டுக்காக ஆடும்போது மட்டும் தலைநிமிர்ந்தார் என்பது விந்தை. அந்த அணியின் பயிற்றுநர் பெர்ஹால்டர் என்பது அதனினும் விந்தை. இருவரும் சமாதானம் பற்றி உரக்கப் பேசவில்லை, சேர்ந்து வேலை செய்தார்கள். 2025 ஆகஸ்டில் டார்ட்மண்டை விட்டு மன்ஷன்கிளாட்பாக் அணிக்கு மாறினார். ஒரு காலத்தில் பேசப்பட்ட விலையின் அருகில்கூட வராத தொகை.

ஃப்ரெடி அடு என்ற பெயரை இந்த இடத்தில் பலரும் எடுப்பார்கள். 2004இல் பதினான்கு வயதில் அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்துக்கு அழைத்துவரப்பட்டு, பெலேக்கு ஒப்பாகப் பேசப்பட்டு, பென்ஃபிகா, மொனாக்கோ, கிரேக்கம், துருக்கி என்று அலைந்து கரைந்த அந்தச் சிறுவனோடு ரெய்னாவை ஒப்பிடுவது வழக்கமாகிவிட்டது. நமக்கு இது பொருந்தாத ஒப்பீடு. அடுவுக்கு ஆடுவதற்கு முன்பே புகழ் வந்தது. ரெய்னா ஆடிக் காட்டினார், பிறகு உடல் ஒத்துழைக்கவில்லை. ஒன்றில் மட்டும் இருவரும் ஒத்திருக்கிறார்கள்: அவர்களுக்காகக் காத்திருக்க எவருக்கும் பொறுமை இருக்கவில்லை, நாம் உட்பட. 2020இல் அவரைப் பற்றி நண்பர்களிடம் நாம் அளந்த பெருமையை இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

2025 நவம்பர் 15ஆம் நாள் பென்சில்வேனியாவில், பொச்செட்டினோவின் அமெரிக்க அணி பராகுவேயோடு மோதிய நட்பாட்டத்தில் ரெய்னா முதல் பதினொருவரில் இடம்பெற்றார். அவருக்கு இருபத்துமூன்று வயது நிறைந்து இரண்டே நாட்கள் ஆகியிருந்தன. நான்காம் நிமிடத்தில் இடப்புறத்திலிருந்து பந்து உயர்ந்து வந்தது. பாதுகாவலர்களுக்கிடையே ஆளில்லாத இடமொன்றை அவர் முன்னமே கண்டு அங்கே போய் நின்றிருந்தார். தலையால் முட்டி உள்ளே அனுப்பினார். தலையாட்டத்துக்குப் பெயர் பெற்றவர் அல்லர் அவர்.