முதலில் ஸ்கூட் கற்றுக்கொள்!



"படிக்கிற பையனுக்குச் சீட்டு எதுக்கு?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். "மூளைக்கு வேலை தர்ற ஆட்டம்தானே!" என்று நம்ம பசங்க சொல்கிறார்கள். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு என்பதே என் கருத்து. ரம்மியே ஆடாதே என்றால் ஹாஸ்டலில் யார் கேட்கப் போகிறார்கள்? அதனால் புதிதாக ஆடுகிறவர்களுக்கு நாலு விஷயம் சொல்லிவிட்டு, பிறகு பணத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

ஒன்று, ஒரிஜினல். பதிமூன்று சீட்டில் ஜோக்கர் கலக்காத ரம்மி ஒன்று இல்லையென்றால், மற்றதெல்லாம் சேர்ந்திருந்தும் பயனில்லை. கை நிறைய ஜோக்கர் வந்ததென்று குதிக்க வேண்டாம். முதலில் ஒரிஜினலைத் தேடுங்கள்.

இரண்டு, அடுத்தடுத்த சீட்டின் அருமை. இரண்டு கட்டு சேர்த்து ஆடும்போது ஒவ்வொரு சீட்டும் இரண்டு இருக்கும். கையில் ஆர்ட்டின் 5, 6 இருந்தால் 4 வந்தாலும் சேரும், 7 வந்தாலும் சேரும். ஆக, நாலு சீட்டு நமக்கு உதவும். 5, 7 வைத்திருந்தால் 6 மட்டும்தான், இரண்டே சீட்டு. அதில் ஒன்று கீழே விழுந்துவிட்டதா என்று கவனிக்காமல் காத்திருப்பது வீண்.

மூன்று, படச்சீட்டு. ராஜா, ராணி, ஜாக்கி, ஏஸ் ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி. சேராத ராஜாவைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள், சீக்கிரம் இறக்குங்கள். ஆனால் அடுத்து உட்கார்ந்திருப்பவன் எதை எடுக்கிறான் என்று பார்த்து இறக்குங்கள்.

நான்கு, ஸ்கூட். இதுதான் தலையாயது! ஆரம்பத்திலேயே கையை வைத்தால் 20, நடுவில் வைத்தால் 40, கடைசி வரை இருந்து மாட்டினால் 80. நாலு முறை முதல் ஸ்கூட் விட்டாலும் ஒரு ஃபுல்லுக்குத்தான் சமம். ஆனாலும் புதியவன் ஸ்கூட் விட வெட்கப்படுகிறான். "போன ஆட்டத்தில் விட்டதைப் பிடிக்கணும்" என்று மோசமான கையையும் இழுத்துக்கொண்டே போகிறான். வெட்கம்தான் அவனைத் தோற்கடிக்கிறது, சீட்டு அல்ல.

சரி, இனிப் பணம். ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று 1967-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் திறமை ஆட்டம் என்றால் பணம் போகாது என்று அர்த்தமா? ஒரு கணக்குப் போடுவோம். ஆறு பேர் ஆளுக்கு 100 ரூபாயோடு உட்காருகிறார்கள். ஆட்டத்துக்கு ஆளுக்கு 10 ரூபாய், மொத்தம் 60. அதில் நடத்துகிறவன் 6 ரூபாய் எடுத்துக்கொள்கிறான் என்று வையுங்கள். நூறு ஆட்டம் ஓடினால் அவன் பையில் 600 ரூபாய்! ஆறு பேரும் கொண்டுவந்த மொத்தப் பணமும் அதுதான். ஆறு பேருமே கெட்டிக்காரர்களாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

செல்போனில் ஆடியபோதும் இதே கதைதான். 2022-இல் தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மிக்கும் போக்கருக்கும் அந்தத் தடை பொருந்தாது என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் எல்லாவற்றையும் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆனால் ஹாஸ்டல் அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு பத்து ரூபாயில் தொடங்கும் ஆட்டத்தை எந்தச் சட்டம் வந்து பார்க்கும்? நாமே பார்த்தால்தான் உண்டு.

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா செங்கல் சூளையில் வேலை செய்கிறார். அவர் அனுப்பும் மெஸ் பணம் எத்தனை கல் சுமந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நம்மில் பலர் வீட்டு நிலைமையும் இதுதான். திருவள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கியது சும்மாவா?

ஆகவே நண்பர்களே, ஆடுங்கள்! நோட்டில் புள்ளி எழுதி ஆடுங்கள். தோற்றவன் டீ போடட்டும், அதோடு முடியட்டும். "காசு வெச்சு ஆடலாமாடா?" என்று ஒருவன் கேட்டால், அங்கேயே ஸ்கூட் விட்டு எழுந்திருங்கள். இந்த ஒரு ஸ்கூட்டுக்கு மட்டும் 20 புள்ளிகூடக் கிடையாது!

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை