சிவப்பு விளக்கும் கேமராவும்

சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்கு எரிந்தால் வாகனம் நிற்க வேண்டும். இதை அறியாத ஓட்டுநர் இல்லை. அறிந்தே மீறுவோர் இருப்பதால்தான் சந்திப்புகளில் கேமராக்கள் பொருத்தப்படுகின்றன. மலேசியாவில் ‘ஏஇஎஸ்’ எனப்படும் தானியங்கி அமலாக்க முறை 2012ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கியபோது, முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநிலங்களுள் பேராக்கும் ஒன்று. 2017இல் இம்முறை ‘அவாஸ்’ எனப் பெயர் மாறி, ‘கெஜாரா’ குற்றப்புள்ளி முறையுடன் இணைக்கப்பட்டது.

இக்கேமரா சமிக்ஞை விளக்குடன் இணைந்து செயல்படுகிறது. சிவப்பு எரிந்த பிறகு ஒரு வாகனம் நிறுத்தக் கோட்டைக் கடந்தால், உணர்கருவி அதைக் கண்டறியும். உடனே கேமரா அவ்வாகனத்தையும் அதன் பதிவு எண்ணையும், நாள், நேரத்துடன் பதிவு செய்யும்.

“அபராதம் வசூலிக்கத்தான் இந்தக் கேமரா” என்ற குறை தொடக்கத்திலிருந்தே உண்டு. கேமராவுக்கு அஞ்சி ஓட்டுநர் திடீரென்று பிரேக் போட்டால், பின்னால் வரும் வாகனம் மோதும் என்பாரும் உளர். இதை முற்றாக மறுக்க இயலாது. அமெரிக்காவின் ஏழு வட்டாரங்களை ஆராய்ந்து 2005இல் வெளிவந்த ஆய்வு, கேமரா உள்ள சந்திப்புகளில் பின்பக்க மோதல்கள் ஏறத்தாழ 15 விழுக்காடு கூடியதாகக் கூறுகிறது. ஆனால், பக்கவாட்டு மோதல்கள் ஏறத்தாழ 25 விழுக்காடு குறைந்தன.

இவ்விரண்டில் பக்கவாட்டு மோதலே கொடியது. காரில் இருப்பவரைப் பக்கவாட்டில் காப்பது பெரும்பாலும் கதவுதான். மோட்டார் சைக்கிளோட்டிக்கு அதுவும் இல்லை. நம் நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்களே. சுங்கை சிப்புட் போன்ற ஊர்களின் பழைய ரப்பர்த் தோட்டப் பகுதிகளிலிருந்து ஈப்போவுக்கு வேலைக்கு வரும் பலருக்கு மோட்டார் சைக்கிள்தான் துணை. பச்சை விளக்கை நம்பிப் புறப்படும் அவர்களின் உயிர், குறுக்கே வரும் ஓட்டுநர் சிவப்பை மதிப்பதைப் பொறுத்தே உள்ளது.

ஆகவே, கேமரா தேவைதான். எனினும், அது நியாயமாக இயங்க வேண்டும். விபத்து மிகுந்த சந்திப்புகளில் அதைப் பொருத்தி, முன்கூட்டியே அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டரைக் கடந்துவிடும். மஞ்சள் விளக்கு எரியும் நேரம் போதாவிட்டால், கவனமாக ஓட்டுபவரும் சிக்கிக்கொள்வார்.

விதியை மீறிய பிறகே கேமரா படம் பிடிக்கும். மோதலைத் தடுக்க வேண்டியவர் ஓட்டுநரே. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். கேமரா இல்லாத சந்திப்பிலும் சிவப்பைக் கண்டு நிற்பதே பொறுப்புள்ள ஓட்டுநருக்கு அழகு.