"அண்ணே" போதும் என்று நாமே சொல்லலாமா?



ஜொகூர் பாருவில் ஓர் அலுவலகம். பெயர் வேண்டாம். நம் நண்பர் ஒருவர் தம் தந்தையை அங்கே அழைத்துப் போயிருந்தார். தந்தைக்கு எழுபது வயதுக்கு மேல். ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். எண் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முன்னால் போன ஆடவரை முகப்பில் இருந்த இளைஞர் "என்சிக்" என்று அழைத்தார். அடுத்து வந்த அம்மாளை "புவான்" என்றார். பெரியவர் முறை வந்தது. "ஹேய் அண்ணே, சினி!" என்று கையைக் காட்டினார்.

வழியெல்லாம் மகனுக்குக் கோபம். அப்பா சொன்னார்: "அண்ணேன்னுதானே கூப்பிட்டான். டேய்னு கூப்பிடலையே!"

இந்தப் பதிலைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

அண்ணே என்பது நல்ல சொல்தான். பாசார் மாலாமில் சாத்தே விற்கும் மலாய்க்காரர் நம்மை "அண்ணே" என்றால் மகிழ்ச்சி. நாமும் அவரை "அபாங்" என்கிறோம். ஆனால் ஒரே முகப்பில் மற்றவருக்கெல்லாம் என்சிக், நமக்கு மட்டும் அண்ணே என்றால் அது உறவுமுறை அல்ல. நம்மைத் தனி வரிசையில் நிறுத்துவது. அந்த இளைஞர் வேண்டுமென்றே செய்தார் என்று நாம் சொல்லவில்லை. பழக்கம். ஆனால் அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

தோட்டத்திலிருந்து வந்தது. வெள்ளைக்காரன் பெரிய துரை, சின்ன துரை. எழுதுகிறவர் கிராணி ஐயா. தொழிலாளிக்கோ "டேய்", "ஏய்" போதும். துரைமாரும் தமிழ் படித்தார்கள், ஆனால் படித்தது ஏவல் தமிழ். இலங்கையில் அவர்களுக்காக அச்சிட்ட பாட நூலின் தலைப்பே "கூலித் தமிழ்" என்பதுதான்! வா, போ, வெட்டு, தூக்கு. "வாங்க" என்று ஒரு தொழிலாளியை அழைக்க வேண்டிய தேவை அவர்களுக்கு வரவே இல்லை.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? ஆர்.எச். நாதன் முன்னின்ற போராட்டம் அது. சீனத் தொழிலாளிக்கு நிகரான சம்பளம் கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்தச் சொன்னார்கள். அந்தப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பது! சம்பளக் கோரிக்கைக்குப் பக்கத்திலேயே சைக்கிள் கோரிக்கையையும் வைத்தார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார். இராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அதனால் மரியாதை கேட்பது வெட்டி கௌரவம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்காக நம்மவர்கள் உயிரையே கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொரு சிக்கல் நம் பெயரிலேயே இருக்கிறது. குமார் என்பவர் முத்துவின் மகன் என்று வைத்துக்கொள்வோம். அடையாள அட்டையில் "குமார் ஏ/எல் முத்து" என்றிருக்கும். ஏ/எல் என்றால் அனாக் லெலாக்கி, மகன். பெண்ணுக்கு ஏ/பி, அனாக் பெரம்புவான். அவரை "என்சிக் குமார்" என்பதே முறை. மலாய்க்காரர் வழக்கமும் இதுதான். "பின்" என்பதற்குப் பின்னால் வருவது தகப்பன் பெயர், அந்தப் பெயரால் யாரும் மகனை அழைப்பதில்லை. ஆனால் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளைக் கேளுங்கள். பாரத்தில் "குடும்பப் பெயர்" என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் தகப்பன் பெயரை எழுதுகிறார்கள். மறுநாளிலிருந்து வெள்ளைக்கார மேலாளர் "மிஸ்டர் முத்து" என்று அழைக்கிறார். முத்து ரெங்கத்தில் வீட்டில் இருக்கிறார்! பெண்பிள்ளைகளுக்கு இன்னும் சங்கடம், ஓர் ஆண் பெயரைச் சொல்லி "மிஸ்" என்கிறார்கள். கூச்சப்படாமல் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, என் பெயர் இதுதான். திருமணமானாலும் நம் பெண்களின் அடையாள அட்டையில் பெயர் மாறுவதில்லை. அதில் நமக்குப் பெருமையே தவிர வெட்கம் ஏன்?

சரி, இதுவரை மற்றவர்களைப் பற்றிப் பேசினோம். இனி நம்மைப் பற்றி.

நம் நிகழ்ச்சிகளில் மேடையைப் பார்த்திருப்பீர்கள். டான்ஸ்ரீ அவர்களே, டத்தோ அவர்களே, டத்தின் அவர்களே என்று வாழ்த்தி முடிப்பதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள். முறையாகப் பெற்ற பட்டத்தைச் சொல்லி அழைப்பது இந்நாட்டுப் பண்பு, அதைக் குறை சொல்லவில்லை. (முறையாகப் பெறாமல் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. அதைத் தண்டிக்க 2017இல் தனிச் சட்டமே போட்டார்கள்.) ஆனால் அதே மண்டபத்தில் விடியற்காலையிலிருந்து சமைத்த அம்மாளை "இந்தாம்மா, தண்ணி கொண்டா" என்கிறோமே? அவர் பெயர் செயலவையில் யாருக்காவது தெரியுமா?

1929இல் செங்கல்பட்டு மாநாட்டில் பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை விட்டுவிடத் தீர்மானித்தார்கள். அந்த ஆண்டின் கடைசியில் பெரியார் மலாயாவுக்கும் வந்தார். இன்று சில கல்யாணப் பத்திரிகைகளில் அந்தப் பட்டம் திரும்பவும் எட்டிப் பார்க்கிறது. அதைத் தனியாக ஒரு நாள் பேசுவோம்.

பாசீர் கூடாங், செனாய் பக்கம் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கும் தோழர்களே, உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் கீழ் வேலை செய்யும் வங்காளதேசத்துப் பையனை எப்படிக் கூப்பிடுகிறீர்கள்? "டேய் பங்களா" என்றுதானே? நேப்பாளக் காவலாளியை? உங்கள் தாத்தாவைத் துரை கூப்பிட்ட அதே குரல்தான் அது. அவனுக்கும் ஒரு பெயர் உண்டு. வேலை அட்டையில் எழுதியிருக்கிறது. நாளைக்கே அதைப் படித்துக் கூப்பிட்டுப் பாருங்கள்.

முகப்பிலும் இதுவே வழி. சண்டை வேண்டாம். எதிரே இருப்பவரின் நெஞ்சில் பெயர் அட்டை இருக்கும். முதலில் நீங்கள் "என்சிக்" சேர்த்து அவர் பெயரைச் சொல்லுங்கள். பிறகு உங்கள் பெயரைச் சொல்லுங்கள். அதற்கும் சரிப்படாவிட்டால் நாள், நேரம், முகப்பு எண் குறித்துக்கொண்டு எழுதிப் புகார் கொடுங்கள்.

அந்தப் பெரியவர் அடுத்த மாதம் மறுபடி அதே அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. அதே இளைஞர். மகன் பெயர் அட்டையைப் பார்த்து "செலாமாட் பாகி, என்சிக்" என்று அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லி, அப்பாவின் அடையாள அட்டையை நீட்டினார். இளைஞர் நிமிர்ந்து பார்த்தார். அட்டையைப் பார்த்து "என்சிக்..." என்று தொடங்கி, பெயரை உச்சரிக்க முடியாமல் தடுமாறினார். பெரியவர் குனிந்து, ஒவ்வோர் எழுத்தாகத் தம் பெயரைச் சொல்லிக் கொடுத்தார்.