எழுத்தை எறிந்து வில்லை எடுப்பதா?

உலகம் அழிந்தபின் எஞ்சிய சிலர் எங்ஙனம் வாழ்வர் என எண்ணிப் பார்க்கும் புதினங்கள் ஆங்கிலத்திற் பல. அவற்றுள் முதல் வரிசையில் வைத்துப் போற்றப்பெறுவது, சியார்ச்சு இசுட்டூவர்ட்டு 1949-இல் வெளியிட்ட 'எர்த் அபைட்சு'. 'நிலம் நிலைத்திருக்கும்' என்பது பொருள். விவிலியத்தினின்று எடுத்த தொடர். ஆசிரியர், கலிபோர்னியாவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராய் இருந்தவர். அமெரிக்க ஊர்ப்பெயர்களை ஆராய்ந்து 1945-இல் அரியதொரு நூல் யாத்தவர். இத்தகையாரின் புதினத்தை எடுத்தெறிந்து பேசுதல் தகாது. ஆயினும், முற்றும் தலைவணங்கி ஏற்றலும் நம்மால் இயலாது.

கதை இது. கொள்ளைநோய் ஒன்று மக்களை ஏறத்தாழ முற்றும் கொன்றொழிக்கின்றது. மலையிற் பாம்பு கடித்துத் தனித்துக் கிடந்த இசு என்னும் இளைஞன் பிழைத்து வருகின்றான். எம் என்னும் பெண்ணொடு கூடிப் பெர்க்கிலியில் ஒரு சிறு குடியைத் தோற்றுவிக்கின்றான்.

நூலின் முற்பகுதி பாராட்டுக்குரியது. ஆளற்ற ஊரில் எறும்பும் எலியும் அடுத்தடுத்துப் பெருகிப் பின் தாமே தேய்வதையும், விளக்குகள் அணைவதையும், இருபதாண்டுக்கு மேல் தானே வந்த குழாய்நீர் ஒருநாள் நின்றுபோவதையும் அறிவியலறிஞன் போல் ஆசிரியர் காட்டுகின்றார். மாண்டவர் அடைத்து வைத்த தகரக்குவளை உணவைத் தின்றே ஒரு தலைமுறை சோம்பிக் கிடக்கும் காட்சி, பிறர் உழைப்பில் வாழ்வார் எவர்க்கும் சாட்டையடி.

இனி, நம் வழக்கிற்கு வருவோம். இசு பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துகின்றான். அவன் இளைய மகன் சோயி ஒருவனே எழுத்தைப் பற்றிக்கொள்கின்றான். குடற்காய்ச்சல் அவனைக் கொண்டுபோகின்றது. உடனே இசு பள்ளியைக் கலைத்துவிட்டு, வில்லொன்று செய்து பிள்ளைகளின் கையிற் கொடுக்கின்றான். பல்கலைக்கழக நூலகத்தில் நூல்கள் அடுக்கடுக்காய் நிற்கின்றன. படிக்கக் கண்கள்தாம் இல்லை. இதனைப் பேரறிவின் முடிவென்று கதை நமக்குச் சொல்கின்றது. படிப்போர் பலரும் பெருமூச்சு விட்டு ஒப்பிவிடுகின்றனர்.

நாம் ஒப்போம்! ஒரு கூர்மதியன் இறந்தான் என்பதற்காகப் பள்ளியை மூடுபவன் ஆசிரியனா? முப்பதாண்டு வகுப்பில் நின்ற எவரும் அறிவர்: தானே கற்கவல்ல முதல் மாணவனுக்கு ஆசிரியன் பெரிதும் வேண்டியதில்லை, கடைசிப் பலகையில் இருப்பவனுக்கே வேண்டும். இசு சோயிக்கு மட்டுமே பள்ளி நடத்தினான். ஏனையோரைச் சுமையெனக் கருதினான். குழாய்நீர் நின்ற நாளில், 'அது எங்கிருந்து வந்தது, ஏன் நின்றது' என்று கண்முன் காட்டி, அதனைக் கூறும் நூலைக் கையிற் கொடுத்திருப்பின், எழுத்தின் தேவை தானே விளங்கியிராதா?

"பசித்தவனுக்கு முதலில் வேண்டுவது வில்லே, எழுத்தன்று" என்பர் சிலர். வில் வேண்டும், மறுப்பாரில்லை. ஆனால் வில்லுக்கும் எழுத்துக்கும் பகையென்று யார் சொன்னார்? கதை நிகழும் அதே கலிபோர்னியாவில், 1911-இல், யாகி என்னும் பழங்குடியின் கடைசி மாந்தன் ஓரோவில் ஊரருகே வெளிப்பட்டான். அவனை இசி என்றழைத்தனர். தன் குலத்தார் அனைவரும் மாண்டபின் எஞ்சிய தனியன். வில் செய்வதில் வல்லவன். சான் பிரான்சிசுகோ அருங்காட்சியகத்தில் வாழ்ந்து 1916-இல் என்புருக்கி நோயால் மறைந்தான். அவனிடம் விற்கலை பயின்ற சாக்சுடன் போப்பு என்னும் மருத்துவர், 1918-இலும் 1923-இலும் அதனை எழுதி வெளியிட்டார். யாகியரின் வில் வளைந்த முறையை இன்றும் நாம் அறிவது அவ்வெழுத்தால் அன்றோ? வில்லையும் காத்தது எழுத்தே!

"எழுத்தைப் பரப்பப் பேரரசும் பெரும்பொருளும் வேண்டும்" என்பதும் பொய். செரோக்கி இனத்துச் செக்குவோயா, ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர், 1821-இல் தம் தாய்மொழிக்கு எண்பதுக்கும் மேற்பட்ட எழுத்துகளை வகுத்து முடித்தார். 1828-இல் அவ்வெழுத்தைத் தாங்கிச் செய்தித்தாளே வெளிவந்தது. ஏழே ஆண்டுகள்! இசுவுக்கோ நூலகமும் இருந்தது, இருபதாண்டும் இருந்தன. இல்லாதது உறுதி ஒன்றே.

ஆகவே, அன்பர்களே, இந்நூலைப் படியுங்கள். அது காட்டும் அழிவு மெய். நாகரிகத்தின் செருக்கை அடக்க அது உதவும். ஆனால் பள்ளி கலையும் பக்கத்தில் கண்ணீர் விடாதீர்கள், சினங்கொள்ளுங்கள். நிலம் நிலைத்திருக்கும், அதற்கு மாந்தன் துணை வேண்டியதில்லை. அறிவோ தானே நிலைப்பதன்று. ஒவ்வொரு தலைமுறையும் அடுத்ததன் கையைப் பிடித்து எழுதுவித்தால்தான் அது நிற்கும். அக்கையை விடுபவன் எத்துணைத் துயருற்றவனாயினும், அவனை அறிஞன் என்று போற்ற மாட்டோம்!