கத்தியைக் கையில் கொடுப்பது எப்போது?

பாகூர்ப் பக்கத்திலே ஒரு கூலித் தொழிலாளியின் கறவை மாடு அசைபோடாமல், வயிறு உப்பி நிற்கிறது என்று வையுங்கள். தீவனத்தோடு கம்பித் துண்டும் பிளாஸ்டிக் பையும் உள்ளே போய்விட்டன. மருந்துக்கு மசியாத நோய் அது. இடப்பக்க விலாவுக்குப் பின்னே மரத்துப்போக ஊசி போட்டு, மாட்டை நின்றபடியே வைத்து, வயிற்றைத் திறந்து, கையை விட்டு எடுத்தாக வேண்டும். தாமதித்தால் கம்பி இதயப் பையைக் குத்திவிடும்.

இதைச் செய்கிற டாக்டர் முதன்முதலில் கத்தி பிடித்தது எங்கே? கல்லூரியில், ஆசான் பக்கத்தில் நின்றபோதா? அல்லது இந்த ஏழையின் மாட்டின் மீதுதானா?

உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியை 1762-ல் லியோன் நகரில் திறந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1954 வரை நம்மை ஆண்டவர்களும் அவர்களே. இங்கே குருமாம்பேட்டில் கல்லூரி வந்ததோ 1994-ல்!

வந்த கல்லூரியில் விதிக்குக் குறைவில்லை. கால்நடை மருத்துவக் கவுன்சிலின் 2016-ம் ஆண்டு விதிகள் படிப்பை ஐந்தரை ஆண்டாக்கி, கடைசி ஓராண்டை நேரடிப் பயிற்சிக்கே ஒதுக்கியுள்ளன. நல்லதுதான். ஆனால் ஓராண்டு நின்று பார்த்தவரும் ஓராண்டு செய்து பழகியவரும் ஒன்றாவார்களா? ஒரு மாட்டைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றால், கத்தி பிடிப்பவர் ஒருவர்; கயிறு பிடிப்பவர் ஒன்பது பேர்.

"அதற்காக எங்கள் மாடுதான் பாடப் பலகையா?" என்று ஒரு தோழர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தையலையும் முடிச்சையும் முதலில் இறைச்சிக் கூடத்துக் குடலிலும் தோலிலும் பழகட்டும். அடுத்தது தெருநாய்க் கருத்தடை. 2023-ம் ஆண்டு விதிகளின்படி அது உள்ளாட்சிகளின் கடமை. ஒரே அறுவை திரும்பத் திரும்ப வரும், கை படியும். பிறகு ஆசான் எதிரே நிற்க, மாட்டின் தோலைத் தைக்கட்டும். வயிற்றைத் திறப்பது அதற்கும் பின்னால்.

ஆனால் மாடு கல்லூரிக்கு வர வேண்டுமே! நாய்க்குட்டியை மடியில் வைத்துக் கொண்டு போகலாம். எழ முடியாத மாட்டுக்கு வண்டி வேண்டும். வாடகையோடு அன்றையக் கூலியும் போகும். கடைசியில் மாடு வராது. நகரத்து வளர்ப்பு நாய்தான் வரும். மாணவரும் அதைத்தான் கற்பார்.

ஆகவே கல்லூரியின் அறுவைக் குழு, மாணவர்களோடு, வாரம் ஒரு நாளாவது வில்லியனூர், பாகூர் கொம்யூன்களுக்கு வரட்டும். வர முடியாத மாட்டை ஏற்றிச் செல்லும் வண்டிச் செலவைச் சர்க்கார் ஏற்கட்டும். இதைக் கொம்யூன்தோறும் தோழர்கள் மனுவாக எழுதிக் கொடுக்க வேண்டும்.