சங்கத்தின் மதிலுக்கு வெளியே

"தொழிற்சங்கங்களால்தான் ஆலைகள் மூடப்பட்டன; நாடும் கெட்டது" என்னும் கூற்றை நம் பங்குகளில் படித்தோர் வாயிலாக அடிக்கடி கேட்க நேர்கிறது. அண்மையில் ஞாயிறு திருப்பலி முடிந்தபின், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் இதையே என்னிடம் உறுதிபடக் கூறினார். அவர் மாதந்தோறும் பெறும் ஓய்வூதியம், வங்கிச் சங்கங்கள் போராடி 1993-ஆம் ஆண்டு செய்துகொண்ட உடன்பாட்டின் வழி வந்தது. இதை அவர் மறந்திருந்தார்.

அவர் மட்டுமா மறந்தார்? 1908-ஆம் ஆண்டு தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள், வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணைநிற்க வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வோடு வார விடுமுறையும் அவர்களுடைய கோரிக்கை. ஒன்பது நாட்களில் நிர்வாகம் இறங்கி வந்தது. ஞாயிறன்று கோயிலுக்கு வர நமக்கு ஓய்வு கிடைத்ததில் இத்தகைய எளியோரின் பட்டினிக்கும் பங்குண்டு. நன்றி மறந்த நாவால் சங்கங்களைச் சபிப்பது கிறிஸ்தவனுக்கு அழகன்று.

திருச்சபையின் போதனையிலும் ஐயத்திற்கு இடமில்லை. திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-ஆம் ஆண்டு தமது 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில், தொழிலாளர் ஒன்றுகூடிச் சங்கம் அமைப்பது இயற்கை அளித்த உரிமை என்று நிலைநாட்டினார். இந்தியாவில் தொழிற்சங்கச் சட்டம் 1926-இல்தான் வந்தது. அதற்கு 35 ஆண்டுகள் முன்னரே உரோமை பேசிவிட்டது. 2025-இல் பொறுப்பேற்ற திருத்தந்தை 14-ஆம் லியோ அந்தச் சிங்கராயரை நினைவுகூர்ந்தே தம் பெயரைத் தேர்ந்துகொண்டதாகக் கூறினார். ஆயினும் 2024-ஆம் ஆண்டு சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிற்சாலைத் தொழிலாளர்கள், தங்கள் சங்கத்திற்கு ஏற்பு வேண்டி 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. அந்தச் சங்கம் 2025 ஜனவரியில்தான் பதிவு பெற்றது.

எனவே, சங்கமே வேண்டாம் என்போரோடு எனக்கு உடன்பாடில்லை. அவ்வாறே, சங்கம் செய்வதெல்லாம் சரி என்போரோடும் உடன்பாடில்லை.

என் பங்கைச் சேர்ந்த குடும்பத்தலைவர் ஒருவர், ஒரு தொழிற்சாலையில் பதினோர் ஆண்டுகளாக ஒப்பந்தத் தொழிலாளி. நிரந்தரத் தொழிலாளி நிற்கும் அதே இயந்திரத்தருகே, அதே ஷிப்டில் நிற்கிறார். கூலியோ பாதிக்கும் குறைவு. ஒருநாள் இயந்திரத்தில் அவர் கைவிரல்கள் சிதைந்தன. அவரை அழைத்துக்கொண்டு நானே சங்க அலுவலகத்திற்குச் சென்றேன். பொறுப்பாளர் மரியாதையுடன் நாற்காலி தந்தார், தேநீரும் வரவழைத்தார். பிறகு, "இவர் எங்கள் உறுப்பினர் இல்லையே சாமி, காண்ட்ராக்டரைப் பாருங்கள்" என்றார். அவர் தலைக்குமேல் மே தினச் சுவரொட்டி தொங்கிக்கொண்டிருந்தது.

தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, 24 மாதங்களில் 480 நாட்கள் தொடர்ந்து பணிபுரிந்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. அதைத் தப்பிக்கும் வழியும் எல்லாருக்கும் தெரியும். ஒப்பந்தக்காரரின் பெயர் மாறும், அடையாள அட்டை மாறும், கணக்கு மீண்டும் முதல் நாளிலிருந்து தொடங்கும். மாறாதவன் அந்தத் தொழிலாளி ஒருவனே. இந்தக் கண்கட்டு வித்தை சங்கத்தின் கண்ணெதிரேதான் நடக்கிறது.

நிரந்தரத் தொழிலாளியின் அச்சத்தை நான் அறியாதவனல்லேன். ஒப்பந்த ஆட்களைக் காட்டியே நிர்வாகம் தன் பிடியை இறுக்குகிறது என்கிறார் அவர். உண்மையே. ஆனால், அந்த ஆயுதத்தை நிர்வாகத்தின் கையில் கொடுத்தவர் யார்? சங்கம் வெளியே நிறுத்திய மனிதனைத்தான் நிர்வாகம் உள்ளே அழைத்து, வேலைநிறுத்த நாளிலும் இயந்திரத்தை ஓட்டச் சொல்கிறது.

வரலாறும் இதையே எச்சரிக்கிறது. 1918-இல் வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று நடத்திய சென்னைத் தொழிலாளர் சங்கம், நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் எனப் போற்றப்படுகிறது. அச்சங்கத்தின் 1921-ஆம் ஆண்டுப் பெரும் வேலைநிறுத்தம் எங்கே உடைந்தது? சாதியில். ஆதிதிராவிடத் தொழிலாளர் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, உயிர்கள் போயின. பிரித்தாண்ட ஆலை முதலாளிகளைக் குறை கூறலாம். அதற்கு முன்பே பிரிந்து கிடந்த மனங்களை யார் மீது சாட்டுவது? 2-ஆம் அருள் சின்னப்பர் 1981-இல் வெளியிட்ட 'லபோரெம் எக்செர்சென்ஸ்' சுற்றுமடலில் சங்கங்களை இன்றியமையாதவை என்றார். அவை ஒரு குழுவின் தன்னலமாகச் சுருங்கிவிடலாகாது என்றும் அங்கேயே கண்டித்தார்.

திராட்சைத் தோட்டத்து உவமையை நாம் அறிவோம். பதினோராம் மணிவரை சந்தைவெளியில் நின்றவர்கள் சோம்பேறிகள் அல்லர். அவர்களை எவரும் வேலைக்கு அழைக்கவில்லை. அவர்களுக்கும் சமகூலி கிடைத்தபோது முணுமுணுத்தவர்கள் முன்னரே வேலை பெற்றவர்கள்தாம். அந்த முணுமுணுப்பை இன்று சங்கத்தின் பொதுக்குழுவில் கேட்கிறேன். ஆண்டவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதில் குழப்பமில்லை.

இவ்வளவு எழுதும் எனக்கு அருகதை உண்டா? முன்பு நான் பணியாற்றிய பங்கில் இருபது ஆண்டுகளாக மணியடித்து, பீடம் அலங்கரித்து வந்தார் ஒரு கோயில்பிள்ளை. அவருக்குப் பணி நியமன ஓலையும் இல்லை, வைப்புநிதியும் இல்லை. அவருடைய சொற்ப ஊதியத்திற்கு மாதந்தோறும் கையொப்பமிட்டவன் நான். மே முதல் நாளில் தொழிலாளரான புனித சூசையப்பர் திருவிழாவுக்கு வேலையின் மாண்பு பற்றி மறையுரை ஆற்றியவனும் நானே. பீடத்தின் ஓரத்தில் நின்று அவரும் கேட்டுக்கொண்டிருந்தார். முதுமையில் அவர் வெறுங்கையோடு வீடு திரும்பினார். நம் கல்விக்கூடங்களிலும் மருத்துவமனைகளிலும் தற்காலிகம் என்ற பெயரில் தலைநரைத்தோர் எத்தனை பேர்!

ஆகவே சங்கங்களில் பொறுப்பு வகிக்கும் நம் மக்களை வேண்டுகிறேன்: ஒப்பந்தத் தொழிலாளரை உறுப்பினராக்கும் தீர்மானத்தை அடுத்த பொதுக்குழுவில் நீங்களே முன்மொழியுங்கள். தோற்றாலும் பரவாயில்லை, உங்கள் பெயர் அதில் இருக்கட்டும். நிறுவனங்களை நடத்தும் குருக்களையும் துறவியரையும் வேண்டுகிறேன்: சங்கம் கதவைத் தட்டுமுன் நியமன ஓலையையும் வைப்புநிதியையும் கொடுத்துவிடுங்கள். இன்றைய என் பங்கில் கோயில்பிள்ளைக்கு அவற்றைக் கொடுத்துவிட்டேன். பழைய பங்கின் முதியவருக்கு நான் பட்ட கடன் மட்டும் இன்னும் தீரவில்லை.