கூரத்துக்கு அந்த பஸ் வராது

'டி.வி.எஸ். பஸ் வர்றதப் பாத்து கடிகாரத்துல நேரம் சரிபண்ணுவாங்க' என்ற கதையை நீங்கள் குறைந்தது பத்து முறையாவது கேட்டிருப்பீர்கள். மதுரைப் பக்கத்துத் தாத்தாக்கள் சொல்வார்கள், ஃபேஸ்புக்கில் வருஷத்துக்கு இரண்டு தரம் சுற்றும். எனக்கு அந்தக் கதையோடு சண்டை இல்லை. அதற்கு அடுத்த வரியோடுதான் சண்டை. 'இப்ப கவர்மென்ட் பஸ்ஸப் பாருங்க, எல்லாத்தையும் தனியார்கிட்ட குடுத்துரணும்.' இதை இலக்கியம் படிக்கிற நண்பர்களே சொல்லும்போதுதான் கடுப்பாகிறது.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1912-ல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டது சாதாரண காரியமில்லை. மாட்டு லாடத்து ஆணி டயரைக் கிழிக்காமலிருக்க, சாலையில் காந்தம் கட்டிய வண்டி ஓட்டி ஆணி பொறுக்கினார்கள் என்று சொல்வார்கள். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது கரிவாயுவில் வண்டி ஓட அவர்கள் கருவி செய்தார்கள். அந்த ஒழுங்கு நிஜம். அதை மறுக்கிறவன் மூடன்.

ஆனால் அந்த ஒழுங்கு எந்த சாலையில் இருந்தது? பெரிய ஊருக்கும் பெரிய ஊருக்கும் நடுவில், ஆள் நிறைகிற தடங்களில். 1971-ல் தி.மு.க. அரசு சட்டம் கொண்டுவந்து, 50 பேருந்துக்கு மேல் வைத்திருந்த முதலாளிகளின் தடங்களை எடுத்துக்கொண்டது. 1972-ல் மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. சென்னையில் பல்லவன். பஸ்கள் போனதால் டி.வி.எஸ். அழிந்ததா? இல்லையே. பிரேக், போல்ட், சக்கரம், ஃபைனான்ஸ், மொபெட் என்று வளர்ந்தது. 1982-ல் ரேஸ் அணி ஆரம்பித்தது. சரக்குப் போக்குவரத்துக் கம்பெனி 2023-ல் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. குடும்பத்துக்குள் பாகம் பிரித்து இப்போது பல வீடுகள். ஊர் ஊராக ஆள் ஏற்றும் வேலையை மட்டும் எந்த வீடும் பெரிதாகத் திரும்ப எடுக்கவில்லை. குற்றமா? இல்லை, வியாபாரம். எதை ஏற்றுவது என்று தீர்மானிக்கும் உரிமை கம்பெனிக்கு உண்டு. டவுன் பஸ்ஸுக்கு அந்த உரிமை கிடையாது. ரெண்டையும் ஒரே கடிகாரத்தை வைத்து அளப்பதுதான் அயோக்கியத்தனம்.

கூரம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து கிராமம். கூரத்தாழ்வான் பிறந்த ஊர், பல்லவர் செப்பேடு கிடைத்த ஊர். இந்தப் பக்கத்திலிருந்து சென்னை நெடுஞ்சாலையைப் பிடித்துப் போனால் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் தடம். ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர் சொச்சம். நொடியைப் பின்னமாக்கி அளக்கிறார்கள், அங்கே அது சரி. ஆரம்பித்த இடத்துக்கே திரும்பி வருகிற வண்டியிடம் நேரத்தைத் தவிர வேறென்ன கேட்க முடியும்? (அந்த வேகத்துக்கும் விலை உண்டு. 2023 ஆகஸ்டில் அங்கே 13 வயதுப் பையன் ஒருவன் செத்துப்போனான்.) பக்கத்திலேயே ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம். கார் ஆலைக்கு உதிரி பாகம் நிமிஷக் கணக்கில் போய்ச் சேர வேண்டும். அங்கேயும் கடிகாரம் சரிதான்.

நேரம் தவறாத தனியார் பஸ் எங்கள் பக்கத்து கிராமங்களுக்கும் வருகிறது, தெரியுமா? ஷிஃப்ட் பஸ். விடிகாலையில் டாண்ணு வந்து ஊர் முனையில் நிற்கும். கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்குகிறவர்கள் ஏறலாம். பாவு வாங்க காஞ்சிக்குப் போகிற நெசவுக்காரர் ஏற முடியாது, ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழவி ஏற முடியாது. கான்ட்ராக்ட் முடிந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட பையனுக்கும் மறுநாள் அது நிற்காது. நீங்கள் கேட்கும் 'தனியார் ஒழுங்கு' இதுதான். ஏற்கனவே இருக்கிறது, கைகாட்டித்தான் பாருங்களேன்.

'மினி பஸ் தனியார்தானே கிராமத்துக்கு வந்துச்சு?' வந்தது. 1997-ல் திட்டம் போட்டார்கள். வசூல் இல்லாத தடங்களில் பலது மெல்ல நின்றுபோனது. டீசல் காசு வராத ரூட்டில் அவர்கள் ஏன் ஓட்ட வேண்டும்?

2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அதை 'ஓசி' என்று கேலி செய்தவர்களும் இந்தக் கடிகாரக் கோஷ்டிதான். காஞ்சியில் ஜவுளிக் கடைக்கு வேலைக்குப் போகிற பெண்ணுக்குப் போக வர மிச்சமாகிற காசு மாசக் கடைசியில் எவ்வளவு என்று கணக்குப் போட அவர்களுக்கு நேரமில்லை. அதே பொதுப்பணம் 2024-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரி கார் ரேஸ் விட்டபோது செலவானது. வழக்கு ஹைகோர்ட் வரை போயிற்று. அப்போது 'நஷ்டம்' என்ற வார்த்தையை இவர்கள் எத்தனை பேர் உச்சரித்தார்கள்?

கூரம் செப்பேட்டில் பரமேஸ்வரவர்மன் என்ன எழுதி வைத்திருக்கிறான் என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். ஏழாம் நூற்றாண்டு. பாலாற்றிலிருந்து ஏரிக்கு வாய்க்கால். மண்டபத்தில் பாரதம் வாசிக்கிறவருக்கு ஒரு பங்கு. தண்ணீரும் நெருப்பும் ஏற்பாடு செய்ய ஒரு பங்கு. ராஜா பெரிய தர்மவான் என்று நான் சொல்ல வரவில்லை, போரில் ஜெயித்த பெருமையையும் அதே ஏட்டில் நீட்டி முழக்கியிருக்கிறான். ஆனால் வாய்க்கால் எத்தனை சதவீதம் லாபம் தந்தது என்ற கணக்கு அதில் இல்லை.

அரசு பஸ்ஸில் கூரை ஒழுகுகிறது, ஆள் பற்றாக்குறை, வண்டிகள் கிழடு. எல்லாம் உண்மை. அதைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். புது வண்டி கேளுங்கள், கூடுதல் சர்வீஸ் கேளுங்கள், டிரைவர் கண்டக்டரை நிரந்தரமாக எடுக்கச் சொல்லுங்கள். விற்றுவிடு என்று மட்டும் சொல்லாதீர்கள். வாங்குகிறவன் முதலில் வெட்டப்போவது கூரத்து டிரிப்பைத்தான்.